கொடி வராமல் இலை போடுவதில்லை

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பதினாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவனிடம் பொறுமையை எதிர்பார்த்தால் அது எதிர்பார்க்கிறவர் தப்பு. என் வேலையே அடுத்தவனை விரட்டுவது. ஏழு பத்துக்குக் கிளம்ப வேண்டிய வேலூர் வண்டி ஏழு பதினொன்றுக்கும் நின்றுகொண்டிருந்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். விசிலை வாயில் வைத்துக்கொண்டே சோறு தின்கிறவன் என்று டிரைவர்கள் என்னைச் சொல்வது எனக்கும் தெரியும். பரசுராமன் என்று பேர் வைத்த அப்பா, யோசித்துத்தான் வைத்திருப்பார்.

எனக்கு ஒரே மகள், பொன்னி. அவளுக்குப் பேச்சு திக்கும். ஐந்து வயதில் ஆரம்பித்தது, பத்தொன்பதாகியும் விடவில்லை. வசம்பு தடவினோம், தேன் தடவினோம், தாயத்து கட்டினோம், பெரிய டாக்டரிடமும் காட்டினோம். படிப்பில் கெட்டி. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கி, டீச்சராகப் போகிறேன் என்று எழுதிக் காட்டினாள். வாத்தியார் வேலைக்கு நாக்குதானே முதல் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எழுதியும் காட்டவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷப் புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டேன். மகள் நாக்கு திருந்த வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை. வாசலிலேயே அண்ணாமலையாரை வைத்துக்கொண்டு பெருமாளிடம் போவானேன் என்று என் மனைவி சந்திரம்மாள் கேட்டாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றியும் ஒன்றும் நடக்கவில்லை, வேறு கோர்ட்டில் அப்பீல் பண்ணிப் பார்க்கிறேன் என்றேன்.

கீழ்பென்னாத்தூர்க் கோஷ்டியில் சேர்ந்தேன். நாற்பது பேர். தலைவன் வேடியப்பன், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் விவசாயி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். கிளம்பும்போதே ஒரு சட்டம் சொன்னான். கோஷ்டியில் யார் எல்லோரையும்விட மெதுவாக நடக்கிறார்களோ அவர்கள் கையில்தான் கொடி. கொடிதான் முன்னால் போகும். அதை யாரும் தாண்டக் கூடாது.

கொடி ராஜம்மாள் கைக்குப் போனது. அந்த அம்மாளுக்கு முட்டி வீக்கம். நாலு எட்டு வைப்பாள், நிற்பாள், கோவிந்தா என்பாள், மறுபடி நாலு எட்டு. நானோ பதினாலு கிலோமீட்டர் மலையை இரண்டேகால் மணி நேரத்தில் சுற்றுகிறவன். இந்த வேகத்தில் போனால் அடுத்த புரட்டாசிக்குத்தான் போய்ச் சேருவோம் என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள், போளூர் தாண்டியதும், யாரும் பார்க்காத நேரத்தில் கொடியைத் தாண்டிவிட்டேன்.

கண்ணமங்கலத்தில் ஒரு ரைஸ் மில்லில் எங்களுக்குச் சாப்பாடு. பதினொரு மணிக்கே போய் நின்றேன். சோறு வடித்தாகிவிட்டது, சாம்பார் வாசனை ரோடு வரைக்கும் வருகிறது. இலை போடச் சொன்னேன். மில்காரர் வீட்டம்மா சிரித்துவிட்டு, கொடி வராமல் இலை போடுவதில்லை என்றார். ஒரு வாய் மோர் கேட்டேன். கொடி வரட்டும் என்றார். இரண்டரை மணி நேரம் அந்தக் குண்டான்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்குச் சோறும் மட்டு.

கடைசியில் கொடி வந்தது. ராஜம்மாள் நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ரொம்பப் பசிச்சிடுச்சாண்ணே?” என்று கேட்டாள். எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை வேடியப்பனிடம் கொட்டினேன். அவன் நிதானமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னான்.

“முன்னல்லாம் வேகமா நடக்கறவங்கதான் முன்னாடி போவாங்க. பின்னாடி வர்றவங்க வேலூர்லயே பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிடுவாங்க. வருஷத்துக்கு அஞ்சு பேரு, ஆறு பேரு. கொடியை மாத்தினப்புறம் ஒருத்தரும் திரும்பலங்க.”

அந்த வருஷமும் ஒருவர்கூடத் திரும்பவில்லை. நாற்பது பேரும் மலையேறினோம். சித்தூருக்கு அப்பால் நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக்கூட மறந்திருந்தேன். அதெல்லாம் சரி, எனக்கு வேண்டியது மகள் நாக்கு.

வீட்டுக்கு வந்து லட்டைப் பிட்டுப் பொன்னி வாயில் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். மென்று விழுங்கினாள். “அ... அ... அப்பா, கா... கால்ல...” என்றாள். கொப்புளம் வந்திருக்கிறதா என்று கேட்க வந்தாள். நானே முடித்துவிட்டேன். உள்ளே போய்ப் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று சத்தம் போட்டேன். நூற்றெண்பது கிலோமீட்டர் நடந்தேனே, கண் இல்லையா என்று. சந்திரம்மாள் வெந்நீரைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

“நடந்தது உங்க காலு. அவ நாக்கு எப்படிங்க மாறும்?”

காலை வெந்நீருக்குள் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது பொன்னி, “அப்பா, எனக்கு ஒ... ஒ... ஒரு...” என்று ஆரம்பித்தாள். புடவையா, தீபத்துக்கு எடுத்துவிடலாம் என்றேன். தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். அவள் கேட்க வந்தது புடவை இல்லை என்றாள் சந்திரம்மாள். பிறகு ஏன் தலையாட்டினாள் என்று கேட்டேன்.

“நீங்க எதைச் சொன்னாலும் ஆட்டுவா. ஆட்டினாத்தான் நீங்க விடுவீங்க.”

அப்படியானால் என்னதான் கேட்க வந்தாள் என்றேன். அதை அவளே சொல்லட்டும், நான் சொன்னால் நானும் உங்களைப் போலத்தான் ஆகிவிடுவேன் என்று சொல்லிவிட்டுச் சந்திரம்மாள் என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். வேலூரில் பஸ் ஏறித் திரும்பினவர்கள் ஞாபகம் வந்தது. என் மகளும் தினம் தினம் பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறாள். திருப்பி அனுப்பினவன் நான்தான். அன்றைக்கு வராத வெட்கம் அப்போது வந்தது.

மறுநாள் கண்ணமங்கலத்துக் கதையை இரண்டு பேரிடமும் சொன்னேன். சோற்றுக்கு அலைந்த இடத்தில் பொன்னி சிரித்தாள். இனி இந்த வீட்டில் கொடி அவள் கையில், நான் தாண்டினால் எனக்குச் சோறு போடாதே என்று சந்திரம்மாளிடம் சொல்லிவைத்தேன். அவளும் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். முதல் வாரம் இரண்டு நாள் எனக்கு ராத்திரிச் சோறு இல்லை.

நடப்பது எவ்வளவோ சுலபம். அடுத்தவர் வார்த்தை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது இருக்கிறதே, அதற்குத்தான் மொட்டை போட வேண்டும். துண்டை முறுக்குவேன், உதட்டைக் கடிப்பேன். ஒருநாள் நான் வாயைத் திறக்கவே இல்லை, ஆனாலும் அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஏன் என்று பார்த்தால், என் கண் கடிகாரத்துக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்தேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள், எதிர்வீட்டு வேட்டியை ஆடு மென்ற கதையைப் பொன்னி முழுசாகச் சொன்னாள். ஒரு டம்ளர் காபி ஆறிப்போகிற நேரம் ஆயிற்று. கதையின் வேடிக்கையெல்லாம் கடைசியில்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன எதற்கும் நான் கடைசி வரை போனதில்லை. என் மகள் இவ்வளவு குறும்புக்காரி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனாலும் கேட்க வந்ததை மட்டும் அவள் இன்னும் கேட்கவில்லை. நானும் கேள் என்று விரட்டவில்லை.

கார்த்திகை தீபம் முடிந்து நாலாம் நாள் காலை. ஏழு பத்து வேலூர் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. நான் விசிலை வாயில் வைத்தேன். எதிரே பொன்னி, கையில் பையும் ஒரு கவருமாக.

“அப்பா, நா... நா...”

டிரைவர் இராமலிங்கம் ஹாரன் அடித்தான். பின்னால் நின்ற செங்கம் வண்டிக்காரனும் அடித்தான். என் கால் தானாகத் தரையைத் தட்டியது. நிறுத்தினேன். விசிலை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினேன். கண்டக்டர் இறங்கி வந்து என்ன சார் ஆச்சு என்றான். இருப்பா என்று கையைக் காட்டினேன். ஜன்னலோரத் தலைகளெல்லாம் எங்களையே பார்த்தன. பொன்னியும் பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வேலூரில் டீச்சர் ட்ரெய்னிங் பள்ளியில் இன்றைக்கு இன்டர்வியூ. அவளாகவே மனுப் போட்டிருக்கிறாள். இரண்டு மாசமாக என்னிடம் சொல்ல வந்தது இதைத்தான். கவரை நீட்டினாள். நான் அதை வாங்கும்போதே மேஜையைப் பூட்டச் சாவியையும் எடுத்துவிட்டேன். கூடப் போகாமல் எப்படி? அவள் சாவியைப் பார்த்தாள்.

“நீ... நீ வர வேணாம்பா. நீ வந்தா... நீ... நீயே பேசிடுவ.”

சுருக்கென்று குத்தியது. குத்தினாலும் அவள் வாயால் ஒரு நினைப்பு முழுசாக என்னிடம் வந்து சேர்ந்துவிட்டதே என்று நெஞ்சு நிறைந்தும் போயிற்று. கவரை அவளிடமே கொடுத்துவிட்டு, சாவியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். டிராயரைத் திறந்து விசிலை எடுத்து அடித்தேன். பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுதுகிற இடத்தில், பயணி ஒருவர் பேசி முடிக்க வேண்டியிருந்தது, ஆறு நிமிஷம் என்று எழுதினேன்.

சாயங்காலம் அதே வண்டியில் வந்து இறங்கினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தேன். தேரடி வரைக்கும் அவளும் பேசவில்லை. பிறகு ஆரம்பித்தாள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ரிசல்ட் தை மாசம்தான் வருமாம். பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவாய் என்று நடுவில் இருந்த ஆபீசர் கேட்டிருக்கிறார். இவள் பதில் சொல்லும்போது பாதியிலேயே அவர் மிச்சத்தைத் தானே சொல்லி முடிக்கப் பார்த்தாராம்.

கதை அங்கே வந்ததும், நடுரோட்டில் அவளுக்கு வார்த்தை சிக்கிக்கொண்டது. நீ என்ன சொன்னாய் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. பேசாமல் நின்றேன். எங்களைச் சுற்றிக்கொண்டு ஜட்கா போனது, சைக்கிள் போனது.

“இ... இருங்க சார், இன்னும் மு... முடிக்கலன்னேன்,” என்றாள் பொன்னி. “இருந்தாருப்பா.”