நாலு மணி ஒத்திகை

கொழுந்தனாருக்கு அந்த அச்சகத்தில் எல்லோரும் வைத்திருந்த பட்டப்பெயர் 'ஒத்திகை'. வெள்ளிக்கிழமை நாலு மணி ஆனால் போதும், மனுஷன் மேஜை மேஜையாக வந்து நிற்பார். "யாராவது ஒரு ஃபைல் சொல்லுங்க, அழிக்கப்போறேன்." ஓரமாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அழிப்பார். அப்புறம் தினமும் தானாகப் பிரதி எடுத்து வைக்கும் பேக்கப்பிலிருந்து அதையே திரும்ப வரவழைப்பார். வந்துவிட்டால் முகமெல்லாம் பல்லாக நிற்பார்.

அதே அச்சகத்தில் வேலை பார்த்த அண்ணிக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பின்னே என்ன? சைக்கிள் கடைக்கு மேலே மூன்றே அறை, பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பிரெய்லில் பாடப்புத்தகம் போடுகிற இடம். அவள் தலையில் விழுந்திருந்தது பத்தாம் வகுப்புக் கணக்கு. பதினோரு மாதமாக ஒவ்வொரு முக்கோணத்தையும் புள்ளி புள்ளியாக ஆக்கிக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு ஏழே வாரம். புத்தகம் போய்ச் சேராவிட்டால் பதின்மூன்று பிள்ளைகள் முக்கோணத்தைத் தொட்டுப் பார்க்காமலே பரீட்சை எழுத வேண்டும். இதற்கு நடுவில் இவருக்கு விளையாட்டு!

"அந்த பேக்கப் புரோகிராமை யாரு எழுதினது தம்பி?"

"எங்கெங்கயோ இருக்கிறவங்க சேர்ந்து எழுதியிருக்காங்க அண்ணி. நம்மள மாதிரி கம்ப்யூட்டர்ல லினக்ஸ் வெச்சிருக்கிற யாரு வேணாலும் எடுத்துக்கலாம். எப்படி வேலை செய்யுதுன்னு உள்ள பிரிச்சும் பார்க்கலாம்."

"சும்மா கொடுக்கிறாங்களா? வேற வேலை இல்லையா அவங்களுக்கு!"

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்து நின்றபோது அவள் பாதி வட்டத்தில் இருந்தாள். "டெம்ப் ஃபோல்டர்ல ஏழாம் பாடம் இருக்கு. அழிச்சுத் தொலைங்க" என்றாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் அவர் தன் மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பிறகு வந்து ஏதோ சொன்னார். "சரி சரி, அப்புறம்" என்று கையை ஆட்டிவிட்டு அவள் வட்டத்தை முடித்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் கம்ப்யூட்டர் டக் டக் என்று சத்தம் போட்டது, அவ்வளவுதான். டிஸ்க் செத்துப்போச்சு. கொழுந்தனார் புது டிஸ்க் மாட்டி, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் இறக்க ஆரம்பித்தார்.

இருப்புக்கொள்ளாமல் அவள் பக்கத்துத் திரையில் திறந்திருந்த பேக்கப் புரோகிராமின் உதவிப் பக்கத்தைப் படித்தாள். டெம்ப் என்று பெயர் வைத்த ஃபோல்டர்கள் தற்காலிகமானவை, நாமாகச் சொன்னாலொழிய அவற்றைப் பிரதி எடுக்காது என்று போட்டிருந்தது. முடிந்ததும் நல்ல இடமாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று பதினோரு மாத உழைப்பை டெம்ப்பில் போட்டு வைத்த புத்திசாலி அவளேதான்.

"தம்பி... என் புத்தகம் முழுக்க டெம்ப்லதான் இருந்தது."

"தெரியும் அண்ணி."

"தெரியுமா!"

"அன்னைக்கு ஏழாம் பாடத்தை அழிச்சேனே, திரும்ப வரல. எனக்கு உயிரே போச்சு. ஓரமா வெச்சிருந்ததை எடுத்துப் போட்டுட்டு, டெம்ப்பையும் சேர்த்துக்கோன்னு மாத்தி வெச்சேன். உங்ககிட்ட வந்து சொன்னேனே? நீங்கதான் கையை ஆட்டினீங்க."

திரையில் பாடங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. ஏழு வந்தது. கடைசியாகப் பதினொன்றும் வந்தது. அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கக்கூட இல்லை. முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து எழுதி வைத்ததும், எல்லோரும் சிரித்த இந்த மனுஷனின் பிடிவாதமும் இல்லையென்றால் அவள் கதி என்ன?

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, முதல் பிரதி அச்சாகி வந்தது. பார்வையில்லாத பிழைதிருத்துநர் முதல் பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"இது மூலப் புத்தகத்துல இல்லையே. 'இதைக் காப்பாற்றிக் கொடுத்த பெயர் தெரியாத நண்பர்களுக்கும், எங்கள் ஒத்திகைக்கும் நன்றி'ன்னு இருக்கு. எடுத்துடலாமா?"

கொழுந்தனாரின் காது சிவந்துவிட்டது. "எடுத்துடுங்க சார், எதுக்கு அதெல்லாம்?"

"அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள் அண்ணி. "மணி நாலாச்சு தம்பி. வாங்க, வந்து என் ஃபைல்ல ஒண்ணை அழிங்க."