அரை மணிக்கு ஒருமுறை

அப்பாவின் குளியலறைக் கதவில் சென்சாரை ஒட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டாவது பேட்டரியும் தீர்ந்துபோனது. மகளுக்குத் தன் கைவேலைமீதே சந்தேகம் வந்துவிட்டது. வீடுவீடாகப் போய் இப்படிப்பட்ட கருவிகளைப் பொருத்தித் தருவதுதான் அவள் தொழில். பொத்தான் அளவுள்ள அந்தப் பேட்டரி இரண்டு வருஷம் தாங்க வேண்டும். கருவி பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். கதவு அசைந்தால் விழிக்கும், மூடிய கதவு வெகுநேரம் திறக்காவிட்டால் அவள் போனுக்குச் சொல்லும். இல்லையென்றால் மணிக்கொரு தடவை எழுந்து, இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

அம்மா போனபிறகு அப்பா தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கைச் சிராய்ப்போடு தப்பியதும், பிடிவாதமாக இதைக் கொண்டுவந்து ஒட்டினாள். "வீட்டுக்குள்ளயே ஒற்றனா?" என்று கேலி செய்தாரே தவிர அவர் தடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை புதுப் பேட்டரியைப் போட்டுவிட்டு, கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து பழைய பதிவுகளைப் பார்த்தாள். ஆறு, ஆறரை, ஏழு, ஏழரை. பகல் முழுக்க அரை மணிக்கு ஒருமுறை கருவியின் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது பத்து நிமிஷம் கொட்டக்கொட்ட விழித்திருந்திருக்கிறது.

கடிகாரத்தில் பத்தரை. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து குளியலறைக்குப் போனார். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

"என்னப்பா பண்றீங்க?"

"எழுப்பிவிட்டேன். விட்டா தூங்கிடுதும்மா."

"அது தூங்கணும்பா. அப்பத்தான் ரொம்ப நாள் உழைக்கும்."

"அப்ப அன்னிக்கு எதுக்கு அப்படி ஓடிவந்தே?"

பொருத்திய மறுநாள் அவள் போனில் 'தொடர்பில் இல்லை' என்று சிவப்பாக வந்தது. கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் வீட்டு ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். அவர் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"செருப்ப ஜோடி மாத்திப் போட்டுட்டு வந்து நின்னே. அரை மணி சத்தமில்லேன்னா சிவப்பாயிடும்னு நீதானே சொன்னே? நான் விழுந்ததுகூட அவ்வளவு வலிக்கலம்மா."

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். நாலு, நாலரை, ஐந்து, ஐந்தரை. ஒருநாள்கூடத் தவறவில்லை.

"அப்பா, சாயங்காலம் பூங்காவுக்குப் போறதில்லையா நீங்க?"

"போனா இதை யாரு அழுத்தறது?"

சிரிப்பு வரவேண்டிய இடம்தான், வரவில்லை. அவர் கவலையின்றி நடமாடட்டும் என்று வைத்தது அவரை வீட்டிலேயே கட்டிப்போட்டிருந்தது. இத்தனை நாளும் சிவப்பு வரவில்லை என்று அவள் நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

"தப்பு என்னுதுப்பா. அது மணிக்கு ஒரு தடவைதான் பேசும். பயத்துல நான் பகல்ல அரை மணியிலேயே சிவப்பாகற மாதிரி வெச்சுட்டேன்." சிவப்பாகும் நேரத்தை மூன்று மணி நேரம் என்று மாற்றி, திரையை அவரிடம் காட்டினாள். "இனிமே நடுவுல சத்தமில்லேன்னா தூங்குதுன்னு அர்த்தம். ஒண்ணும் ஆகலேன்னு அர்த்தம்."

அவர் எண்ணைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அதுக்குச் சரி. மூணு மணி நேரம் உனக்குத் தாங்குமா?"

"பழகிக்கறேன்பா" என்றாள்.

நாலு மணிக்கு அவர் சட்டை மாற்றிக் கிளம்பினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பிக் குளியலறைப் பக்கம் பார்த்தார். அவள் தலையசைத்ததும் படியிறங்கினார்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலில் நின்றாள். தெருமுனையில் யாரோ ஒருவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, இத்தனை நாள் எங்கே போனீர் என்பதுபோல் உலுக்கினார். அப்பா இரண்டு கையையும் விரித்து எதையோ பெரிதாக அளந்து காட்டினார். இருவரும் சிரித்தபடி முனை திரும்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மெதுவாகப் போனது.