சஹனில் யார் பங்கு எவ்வளவு

1.

இது செய்திக் கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. காரைக்காலில் எடை குறைக்கும் பொடிகளும் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் உணவுத் திட்டங்களும் பெருகிவிட்டன. அதைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். 'பொடியா, புரிதலா?' என்று தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன். பிறகு கமர் நிஷாவைச் சந்தித்தேன். கட்டுரை நின்றுவிட்டது.

2.

முதல் தொடக்கம்: "கடற்காற்று வீசும் தெருவில்..." வேண்டாம். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: "கமர் நிஷா பருமனான பெண்." இதுவும் வேண்டாம். வாசகர் அவரை அந்த ஒரு வரியிலேயே முடித்துவிடுவார்.

மூன்றாவது: கமர் நிஷா தன் கணவர் காஜா நஜ்முதீனுக்குச் சிறுநீரகம் கொடுக்க வேண்டும். அவர் டயாலிசிஸில் இருக்கிறார். துபாயில் இருக்கும் மகன் தௌஹீதின் இரத்தப் பிரிவு சேரவில்லை. நிஷாவுடையது சேர்ந்தது. ஆனால் இந்த எடையில் அவரை அறுப்பது அவருக்கே ஆபத்து, பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இதுவே இருக்கட்டும்.

3.

முதலில் பொடித் திட்டத்தில் சேர்ந்தார். காலையும் இரவும் தண்ணீரில் கரைத்த பொடி, மதியம் அவித்த காய். தட்டைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும்.

"ஒம்போது கிலோ எறங்குச்சு தம்பி," என்றார் நிஷா. "ஆனா இந்த மனுசன் பாதியாயிட்டாரு."

அந்த வீட்டில் சஹனில்தான் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் வைத்து, சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நிஷா அடுப்படியில் பொடியைக் குடித்துக்கொண்டிருக்க, நஜ்முதீன் சஹனுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவார்.

"தனியாத் திங்கிறதுக்கு நான் என்ன திருநள்ளாறு லாட்ஜுலயா தங்கியிருக்கேன்?" என்பாராம்.

இப்படி மெலிந்தால் இவருக்கும் அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்றார் மருத்துவர். நிஷா பொடியை விட்டார். ஒன்பது கிலோவும் திரும்பி வந்தது.

4.

அடுத்து, மருத்துவமனையின் உணவு ஆலோசகர் அனெத்.

"திட்டமெல்லாம் வேணாம்மா. உள்ள எவ்ளோ போகுதுன்னு தெரிஞ்சுக்குங்க. சோத்தைப் பாதியாக்குங்க, காயைக் கூட்டுங்க, கறி ரெண்டு துண்டு. பசி அடங்குனதும் எந்திரிச்சுடுங்க."

[இந்த இடத்தில், கற்றுக்கொண்ட அடிப்படைதான் கடைசிவரை கூட வரும் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். இப்போதும் அதை நம்புகிறேன். ஆனால்]

நிஷாவுக்கு எல்லாம் புரிந்திருந்தது. எனக்கே பாடம் எடுத்தார். எடைதான் அசையவில்லை. ஒளித்துத் தின்கிறார் என்று அனெத் சந்தேகப்பட்டார். நானும்தான். என் கதாபாத்திரத்தை நம்பாமல், ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன்.

5.

சஹனில் கோடு கிடையாது. அவரவர் முன்னால் இருப்பது அவரவர்க்கு. நல்ல துண்டைப் பிரியமானவர் பக்கம் தள்ளிவிடுவது வழக்கம். நோயில் நஜ்முதீனின் நாக்குக்குக் கறி பிடிக்கவில்லை. துண்டு துண்டாக நிஷா பக்கம் நகர்த்தினார்.

"என்னங்க, போதும்."

"தின்னு. கிட்னி குடுக்கப் போற ஒடம்பு தெம்பா இருக்க வேணாமா?"

"தெம்பா இருந்தா வெட்ட மாட்டேங்கிறாங்க."

"உன் டாக்டரு சஹன்ல உக்காந்திருக்காரா? கேட்டுட்டு வா."

நிஷா சிரித்தபடி கையை எடுத்தார். உடனே நஜ்முதீனும் எடுத்துவிட்டார். நிஷா மறுபடி கை வைத்தார். அவரும் வைத்தார். அவர் இன்னும் இரண்டு கவளம் உண்ண வேண்டுமானால் நிஷா நான்கு உண்ண வேண்டும்.

பொடிக்காரர்கள் சொன்னதும் சரி, அனெத் சொன்னதும் சரி. எல்லோருமே ஒரு தட்டுக்கு ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

6.

முடிவுகள்.

(அ) நிஷா துண்டுகளைத் திருப்பித் தள்ளுகிறார், கணவருக்குப் புரிகிறது. புரிந்தாலும் நாக்கு மாறாது.

(ஆ) குறைவாகச் சமைக்கிறார். இதை நானே சொல்லிப் பார்த்தேன். "கொறைச்சு வச்சா, எனக்குப் பத்தாதுன்னு அவரு தொடவே மாட்டாரு தம்பி."

(இ) அதற்குள் அவர்

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

அந்த மதியம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். "என்ன தம்பி பாத்துக்கிட்டே இருக்கீங்க, கை கழுவிட்டு வாங்க," என்றார் நஜ்முதீன். உட்கார்ந்தேன். கறி என் பக்கம் வந்தது. விருந்தாளி கை எடுக்கும்வரை வீட்டுக்காரர் எழக் கூடாது. அதனால் நான் மெதுவாகச் சாப்பிட்டேன், அவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிஷா முதல் முறையாகப் பாதிச் சோற்றோடு நிறுத்தினார். யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வாசல் வரை வந்து, "நாளைக்கும் வாங்க தம்பி," என்றார் நிஷா. உபசாரத்துக்குச் சொல்லவில்லை.

மறுநாள் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் எனக்கு வேலை. அதற்கடுத்த நாளும் ஏதோ இருந்தது. அவர்கள் ஒன்றரை மணிக்குச் சாப்பிட உட்காருவார்கள். சஹனின் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. நீங்கள் வருவதாக இருந்தால் வழி சொல்கிறேன்.