தோலோடு ஓர் ஆப்பிள்

ஆப்பிளைப் பற்றி என்னிடம் கேட்காத ஆள் இந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று சொல்வதுதான் என் வேலை. மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர், "ஆப்பிள் சாப்பிட்டா சரியாயிடுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆகாது. அது பழம், மருந்து இல்லை. நல்ல பழம், அவ்வளவுதான். நார்ச்சத்து இருக்கிறது, அதில் நிறைய தோலிலும் தோலை ஒட்டியும் இருக்கிறது. மென்று தின்றால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும், மலச்சிக்கல் குறையும், விடாமல் சாப்பிட்டால் கொழுப்பும் கொஞ்சம் இறங்கும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. "அப்போ நாலு சாப்பிட்டா சீக்கிரம் குணமாகுமா?" என்று கேட்பார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அத்தான் ஓய்வு பெற அதிக நாள் இல்லை. அவர்கள் டிப்போவில் ஒரு பழக்கம் உண்டு. டிரைவர் ஓய்வு பெறும் நாளில் கடைசி டிரிப்பில் வெளி ஆளை ஏற்ற மாட்டார்கள். அவர் குடும்பம் மட்டும் ஏறும். குடும்பத்தை உட்கார வைத்து அவரே ஓட்டிக்கொண்டு டிப்போவுக்குள் வருவார், நிற்கிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்கும். அக்கா இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் பஸ்ஸில் ஏறியதில்லை. அவள் தையல் கடை ஒரு கோடியில், அவர் போகும் வழி இன்னொரு கோடியில். கடைசி டிரிப்புக்கு அவள் எப்போதோ சீட்டு பிடித்துவிட்டாள்: டிரைவருக்கு நேர் பின்னால், ஜன்னல் ஓரம். போடப்போகும் துணியைக்கூடத் தைத்து வைத்துவிட்டாள்.

நடுவில் வந்தது சர்க்கரை. டிப்போ டாக்டர் மூன்று மாதச் சராசரியைப் பார்ப்பார். அளவுக்கு மேலே போனால் ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டார்கள். முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்றுகிற சோதனை இல்லை அது. கொஞ்சம் ஏறியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்ததும் அத்தான் என்னிடம் வந்தார்.

"டாக்டரம்மா, என்ன சாப்பிடட்டும்?" என்றார். நான் டாக்டர் இல்லை என்று அவருக்குத் தெரியும். மச்சினியைச் சீண்டாமல் அவருக்குப் பேச வராது.

"சாயங்காலம் டீயோட ஒரு பாக்கெட் பிஸ்கட் உள்ள தள்றீங்களே, அதை நிறுத்துங்க. அதுக்குப் பதிலா ஒரே ஒரு ஆப்பிள். தோலோட, கடிச்சு, மெதுவா."

"கடிச்சா?" என்றார்.

"பின்ன, முழுங்கவா முடியும்?"

வாயை மூடிக்கொண்டே சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த சோதனையில் சர்க்கரை இறங்கவில்லை. எகிறியிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு, பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளும் டிபன் பாக்ஸ்களும் கிடக்கிற அறையில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள். ஓய்வுக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது. ஆக, இன்னும் ஒரு வாய்ப்பு.

விடுமுறை நாளில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "நீ சொன்னதைத்தான் செஞ்சேன்" என்றார் அத்தான். அதற்குள் சமையலறையில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா நாலு ஆப்பிளைத் தோல் சீவி அரைத்து, வடிகட்டி, பெரிய டம்ளர் நிறைய எடுத்து வைத்திருந்தாள். தினமும் இது நடக்கிறதாம்.

எனக்கு வந்ததே கோபம்! "அக்கா, யாரு உன்னை ஜூஸ் போடச் சொன்னது? நாலு பழத்துச் சர்க்கரை ஒரே மடக்குல உள்ள போகுது. நார் மொத்தமும் குப்பையில!"

"குப்பையில ஏன் போடறேன்? தோலையும் சக்கையையும் நானே சாப்பிட்டுடுவேன். காசு குடுத்து வாங்கினதாச்சே" என்றாள்.

அது வேறா! அதனால்தான் இவளுக்குப் போன மாதம் கொழுப்பு இறங்கியிருந்ததோ என்னவோ. அத்தானுக்கு நான் சொன்ன நல்லதெல்லாம் ஒழுங்காக அக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வேறு வீடாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ அவர் வண்டியை நான்தான் பிடுங்கிட்டேனா?"

நான் ஏதோ சுருக்கென்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தான் நடுவில் வந்து நின்றார். "அவளை ஒண்ணும் சொல்லாத. ஜூஸ்தான் வேணும்னு நான்தான் அவகிட்ட கேட்டேன். இங்க பாரு." ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

கடைவாய்ப் பற்கள் ஒன்றுகூட இல்லை. முன்பல்லை நாக்கால் தொட்டுக் காட்டினார், ஆடியது. ஈறெல்லாம் வீங்கியிருந்தது. அக்காவும் அப்போதுதான் பார்க்கிறாள். அவளிடம்கூடப் பல் கூசுகிறது என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தார்.

"இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா அத்தான்?"

"உன்கிட்டயா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்ட மாட்டே?"

காட்டியிருப்பேன்.

பல் டாக்டர் பார்த்தார். ஈறு கெட்டிருப்பதே சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை இறங்காமல் பல்லைப் பிடுங்கவும் முடியாது என்று இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினார். ஈறுக்கு வைத்தியம் ஆரம்பித்தார். மிக்ஸி பரண் ஏறியது. ஒரு ஆப்பிளைத் தோலோடு துருவி, சின்ன ஸ்பூனால் மெதுவாகச் சாப்பிட்டார் அத்தான். பிஸ்கட் போயிற்று, சாப்பாட்டுக்குப் பிறகு நடை வந்தது. அக்கா மட்டும் சரியாகவில்லை. துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம், "என் கையாலதான் கெடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கம் போய்விட்டது அவளுக்கு. எத்தனை சமாதானம் சொன்னாலும் ஏறவில்லை.

மறு சோதனையின் முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். டிப்போ டாக்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லையே, நல்லா இறங்கியிருக்கு. ஆனா கோட்டுக்கு மேலதான் நிக்குது. இன்னும் கொஞ்சம்தான். மூணு மாசம் கழிச்சு வாங்க."

அத்தானுக்கு மிச்சம் இருந்தது இரண்டே மாதம்.

நான் விடவில்லை, வாதாடினேன். "பின்னால ஐம்பது பேர் உட்கார்ந்திருக்காங்கம்மா. ஆளுக்கு ஒரு அளவு வைக்க முடியுமா?" என்றார் டாக்டர். அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அத்தான் "சரிங்க" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா கூப்பிட்டாள். அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"பாஸ்" என்றார் அத்தான்.

அக்கா கத்திய கத்தலில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆனா வண்டி வேணாம்னு நானே சொல்லிட்டேன். குடை ரூம்ல உட்கார்ந்த இடத்துல வேலை, மேல ஃபேன். இனிமே யாரு வெயில்ல ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டறது?"

அவ்வளவுதான். ஆரம்பித்தாள் பாருங்கள். "உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா? நான் ராத்திரி பூரா கண்ணு மூடாம கிடக்கறேன், இவருக்கு ஃபேன் காத்து கேக்குதாம் ஃபேன் காத்து! தைச்சு வெச்ச துணியை என்ன பண்றது, அடுப்புல போடவா?" அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"போனை அவகிட்ட குடுங்க" என்றாள் அக்கா. "ஏய், நெஜமாவே பாஸா? இந்த மனுஷனை நம்ப முடியாது. நீதான் பொய் சொல்ல மாட்டே."

அத்தான் என் முகத்தையே பார்த்தார்.

"நெஜம்தான்க்கா. பாஸ்" என்றேன்.

"அப்போ என்னால ஒண்ணும் கெடலையே?"

"ஒண்ணும் கெடலக்கா."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வரட்டும் வீட்டுக்கு, வெச்சுக்கறேன்" என்றாள் அக்கா.