இருபதாம் தேதி முத்திரை

ரெஜிஸ் வீட்டில் யாரும் யாரிடமும் ரசீது கேட்டதில்லை. முப்பத்தொரு வருடமாகத் தபால் நிலையக் கவுண்டரில் உட்காருகிற மனிதரின் வீட்டில் ரசீது எதற்கு? மனைவி உயிரோடு இருந்தபோது வரி விண்ணப்பம், மகளின் பள்ளிக்கூடப் படிவம், தன் அக்காவுக்கு அனுப்பும் கிறிஸ்துமஸ் பொட்டலம் என்று எல்லாவற்றையும் காலையில் அவர் பையில் திணித்துவிடுவாள். மாலையில் "போயிடுச்சா?" என்று கேட்பாள். "போயிடுச்சு" என்பார். பேச்சு அத்தோடு சரி.

பிப்ரவரி ஆறாம் தேதி காலையில் மகள் சொலேன் கொடுத்த பழுப்பு உறையும் அப்படித்தான் அவர் கைக்கு வந்தது.

"ஜப்பானுக்குப்பா. கனசாவா யுனிவர்சிட்டி விண்ணப்பம். இருபதாம் தேதி கடைசி. இன்னிக்கே அனுப்பிடு."

"என்ன இந்தக் கனம் கனக்குது? வீட்டையே பிரிச்சு உள்ள போட்டுட்டியா?"

"மார்க் பட்டியல், டாக்டர் சர்டிபிகேட், ஆராய்ச்சித் திட்டம், அப்புறம் பேராசிரியர் ஒட்டிக் குடுத்த பரிந்துரைக் கடிதம். அந்த ஒரு கடிதத்துக்கு மூணு வாரம் அவர் பின்னாடி அலைஞ்சிருக்கேன். கசக்கிடாதே!"

இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டு குளெர்மோன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அங்கேதான் ஜப்பானிய மொழி படிக்கிறாள், நான்காம் வருடம்.

அவளும் தோழி ஓரியானும் இரண்டு வருடமாக அந்த வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் கோட்டை கட்டினார்கள். ஜன்னல், அலமாரி, உப்பு ஜாடி எதையும் விடாமல் ஜப்பானிய எழுத்தில் பேர் எழுதி ஒட்டினார்கள். கனசாவாவில் ஒரே அறை எடுப்பது, திங்கள் யார் சமையல், செவ்வாய் யார் சமையல் என்பது வரை முடிவாகியிருந்தது.

"அங்க நம்ம சீஸ் கிடைக்காதாம் அங்கிள். மாசம் ஒண்ணு நீங்கதான் அனுப்பணும்" என்றாள் ஓரியான்.

"தாராளமா. அது போய்ச் சேர்றப்போ தானே பெட்டியை விட்டு இறங்கி உங்க ரூமுக்கு நடந்து வந்துடும்."

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். ரெஜிஸும் சிரித்தார். சிரித்த வாயோடு எழுந்து போய்க் கொல்லையில் விறகு அடுக்கினார். அடுக்க வேண்டிய விறகு ஒன்றும் இல்லை, நேற்றே அடுக்கியாகிவிட்டது. மனைவி போய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் மனுஷக் குரல் என்று மிச்சம் இருந்தது சொலேனுடைய குரல் மட்டும்தான்.

ஓரியான் தன் உறையை ஜனவரியிலேயே குளெர்மோனில் தன் கையால் அனுப்பிவிட்டாள். அவளுக்குத் தபால்கார அப்பா இல்லை.

தபால் நிலையத்தில் ரெஜிஸ் உறையை எடை மேடையில் வைத்தார். பக்கத்துக் கவுண்டர் ஒதில் எட்டிப் பார்த்தாள். அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"சின்ன மகராணி கிளம்பியாச்சா? இனிமே உனக்கு யாரு சூப் வைப்பா? ஒரு பூனை வாங்கிக்கோ, பேச்சுத் துணைக்கு ஆகும்."

"உன் வேலையைப் பாரு."

சொல்லிவிட்டு உறையை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தார். நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெஜிஸின் நாட்டில் வரியோ தேர்வோ போட்டியோ, எந்தப் படிவத்தை எடுத்தாலும் அடியில் ஒரு வரி இருக்கும்: அஞ்சல் முத்திரைத் தேதியே சாட்சி. கடைசி நாள் சாயங்காலம் முத்திரை விழுந்தால் போதும், கடிதம் எப்போது போய்ச் சேர்ந்தாலும் செல்லும். அந்த வரியை ரெஜிஸ் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறார். மூச்சு வாங்க ஓடி வரும் கிழவர்களை அந்த வரியைச் சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறார். ஆறாம் தேதி அடித்தாலும் இருபதாம் தேதி அடித்தாலும் ஒன்றுதானே?

"போயிடுச்சா?" என்றாள் சொலேன் மாலையில்.

"போயிடுச்சு" என்றார்.

பதினான்கு நாளை மகளிடமிருந்து திருடியவர் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்தார்? சூப் குடித்தார். ஒரு புதன்கிழமை அவள் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு அவரைத் திட்டினாள். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் டிவியில் ரக்பி பார்த்து நடுவரை ஏசினார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் உறை டிராயரில் இருக்கிற வரைக்கும் மகள் இன்னும் கிளம்பவில்லை என்று அவர் மனம் நம்பியது. அந்த நம்பிக்கை அவருக்கு வேண்டியிருந்தது.

இருபதாம் தேதி பிற்பகல் உறையை எடுத்தார். விரைவுப் பதிவுத் தபாலில் போட்டார். முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி, உடம்பை முன்னால் கொடுத்து அழுத்தினார். தேதி பளிச்சென்று விழுந்தது. இவ்வளவு சுத்தமான முத்திரையைக் கனசாவாக்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மார்ச் நான்காம் தேதி மாலை பதில் வந்தது. சொலேன் சமையலறை மேசையில் கணினியைத் திறந்து படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"சேத்துக்க முடியாதாம்ப்பா. பிப்ரவரி இருபத்தஞ்சுலதான் வந்துச்சாம்."

"அதனால என்ன? இருபதுக்குள்ள முத்திரை விழுந்திருக்குமே."

"முத்திரையை அங்க யாரு பாக்குறா? இருபதுக்குள்ள அவங்க மேசைக்கு வந்து சேரணும். அதனாலதானே ஆறாம் தேதியே குடுத்தேன்!"

அப்படி ஒரு நாடு இருக்கும் என்று ரெஜிஸ் நினைத்ததே இல்லை. நாடு நாடாகக் கடிதம் அனுப்பியவர், அந்தப் பக்கத்தில் அதை வாங்குகிறவர்கள் எப்படி எண்ணுவார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"உங்க ஆளுங்கதான் எங்கயோ போட்டு மிதிச்சிருக்காங்க. பாரீஸ்லயோ விமானத்துலயோ! மூணு வாரமாப்பா ஒரு கடிதம் போகும்?" என்று கத்தினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "உன்னைச் சொல்லலப்பா. நீ என்ன பண்ணுவே, பாவம்."

அந்தப் 'பாவம்' அவரை அறைந்தது.

"ரசீது இருக்குல்ல? அதைக் குடு. ஆறாம் தேதியே அனுப்பிட்டேன்னு காட்டி எழுதுறேன். மனசு இரங்கினாலும் இரங்குவாங்க."

அந்த வீட்டில் முதல் தடவையாக ஒருவர் ரசீது கேட்டார்.

"ஆபீஸ்ல இருக்கு. நாளைக்குக் கொண்டு வர்றேன்" என்றார் ரெஜிஸ்.

மறுநாள் மதியம் ஒதில் சாப்பிடப் போன நேரத்தில் முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தார். தேதிச் சக்கரங்களை விரல் நகத்தால் திருப்பலாம். மாதம் பிப்ரவரிக்குப் போனது. நாள் ஆறுக்கு வந்து நின்றது. எதிரில் ஒரு வெற்று ரசீது கிடந்தது. ஒரே ஒரு அழுத்து போதும், அவள் என்றென்றைக்கும் பாரீஸைத் திட்டிக்கொண்டிருப்பாள். அவருடைய டிராயர் பக்கம் திரும்பவே மாட்டாள்.

கட்டையை ரசீதின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் கனசாவாவில் ஒரு குமாஸ்தாவுக்குக்கூட உண்மை தெரிந்துவிடும். பொய் ரசீது அனுப்பிய பெண் என்று மகளுக்குத்தான் பேர் வரும். இந்த முத்திரை அவளைக் காப்பாற்றாது, தன்னை மட்டும்தான் காப்பாற்றும். சக்கரங்களைத் திரும்பவும் மார்ச் ஐந்துக்குக் கொண்டுவந்தார். ஒதில் திரும்பி வந்தபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள்கூட வாயைத் திறக்கவில்லை.

மாலையில் உண்மையான ரசீதை மேசையில் வைத்தார். சொலேன் எடுத்துப் பார்த்தாள்.

"இருபதுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"பதினாலு நாள் எங்க இருந்துச்சு?"

"என் டிராயர்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இன்னும் வரவில்லை, புரியாமல்தான் பார்த்தாள்.

"இருபதுக்குள்ள முத்திரை விழுந்தா போதும்னு நெனச்சேன்மா. அதை அனுப்பிட்டா நீ போயிட்ட மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நாள் தள்ளிப்போகட்டும்னு... அவ்வளவுதான்."

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." குரல் உடைந்தது. "நான் சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். உன்னைக் கட்டிப் பிடிச்சிருப்பேன். அப்புறம் போயிருப்பேன்ப்பா."

ரசீதை மேசையிலேயே விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். சூப் ஆறிப் போனது.

செப்டம்பரில் ஓரியான் கிளம்பினாள். குளெர்மோன் ரயில் நிலையத்தில் சொலேன்தான் அவள் பெட்டியை ஏற்றிவிட்டாள். "அந்த ரூம்ல உன் பக்கத்தை அப்படியே விட்டு வெச்சிருப்பேன்டி" என்று ஓரியான் ஜன்னல் வழியாக அழுதாள். சொலேன் வண்டி மறையும் வரை சிரித்த முகமாகவே கையாட்டினாள்.

ரெஜிஸ் ஆசைப்பட்டது ரெஜிஸுக்குக் கிடைத்தது. மகள் ஒரு முழு வருடம் வீட்டில் இருந்தாள். அதே மேசை, அதே சூப், உப்பு ஜாடியில் அதே ஜப்பானிய எழுத்து. "உப்புப் போதுமா?" என்று கேட்டால் "போதும்" என்பாள். சனிக்கிழமை ரக்பி நேரத்தில் மாடியில் படித்துக்கொண்டிருப்பாள். அவர் ஒரு ஆளாக நடுவரை ஏசிப் பார்த்தார். நன்றாக இல்லை, டிவியை அணைத்துவிட்டார்.

அடுத்த ஜனவரி ஒன்பதாம் தேதி, காலை பதினோரு மணிக்குக் கவுண்டர் முன்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்றது சொலேன். கையில் பழுப்பு உறை. ஒதில் தன் கவுண்டர் காலியாக இருக்கிறது என்று கை காட்டினாள். சொலேன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு அவர் வரிசையிலேயே நின்றாள். முன்னால் நின்ற மூன்று பேர் வேலையையும் ரெஜிஸ் எப்படி முடித்தார் என்று அவருக்கே தெரியாது.

"கனசாவாவா?" என்றார்.

"ஆமா."

எடை போட்டார். பதிவுச் சீட்டு ஒட்டினார். முத்திரையைக் குத்தினார். உறையை அவள் கண்ணெதிரே வெளிநாட்டுப் பையில் போட்டார். அவள் நகரவில்லை.

"ரசீது குடுங்க."

கொடுத்தார். தேதியை விரல் வைத்துப் படித்தாள். நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். "நன்றி" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

அன்று மாலை வீட்டில் "போயிடுச்சா?" என்று யாரும் கேட்கவில்லை.