பவுன் மில்லை விற்றாளா

ஐஸ் பெட்டி இரண்டாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றது. மேல்படியிலிருந்து மகாதேவன் மாமா இந்தியில் யோசனை சொன்னார். கீழ்ப்படியிலிருந்து சேவியர் தமிழில் அதற்கு எதிர் யோசனை சொன்னார். தூக்கிவந்த இரண்டு பேரும் மராத்திக்காரர்கள். இருவர் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பெட்டியை நிமிர்த்தி, ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

"நான் சொன்ன மாதிரிதானே பண்ணினா?" என்றார் மகாதேவன்.

"நீங்க சொன்னபடி செஞ்சிருந்தா சுவத்தையும் சேத்துல்லா தூக்கிட்டு வந்திருப்பாங்க," என்றார் சேவியர்.

ரோஹிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா போய் இன்னும் ஒரு வேளைகூட ஆகவில்லை. காலையில் அம்மா கொடுத்த காப்பியை முழுக்கக் குடித்து, "சக்கரை கம்மி விசாலம்" என்று குறை சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எழுபத்தெட்டு வயது. இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று நிக்டி காலனி முழுவதும் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது. பெட்டி மாட்டிக்கொண்ட இந்தக் கூத்தை அவர் பார்த்திருந்தால் அன்று சாயங்காலமே கதையில் நுழைத்திருப்பார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கூடத்தில் கதை நடக்கவேண்டிய நாள்.

அப்பா ஜம்புநாதன் பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொழிலைவிடக் கொள்கை அவருக்குப் பெரிது. பலருக்கும் வேண்டியதைப் பலரும் சேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும், சேர்ந்து நடத்த வேண்டும். ஒருத்தன் கைக்குப் போகக் கூடாது. இதுதான் அவருடைய வேதம். ஓய்வுபெற்ற புதிதில் இதை மேடை போட்டுப் பேசினார். முதல் கூட்டத்தில் கால்வாசி நாற்காலி நிரம்பியது, மூன்றாவது கூட்டத்துக்குச் சேவியர் மட்டும் வந்தார். அதன்பிறகுதான் கதைக்கு மாறினார். "கசப்பு மருந்தைக் கையில குடுத்தா துப்பிடுவா. காப்ஸ்யூல்ல அடைச்சுக் குடுத்தா முழுங்கிடுவா" என்பார். வாரா வாரம் கூடத்தில் காலனிக்காரர்களுக்குக் கதை. எழுதி வைத்துக்கொள்வதெல்லாம் கிடையாது. முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து என்ன தோன்றுகிறதோ அதுதான் அந்த வாரத்து அத்தியாயம். தமிழில் ஆரம்பித்து, இந்தியில் ஓடி, சண்டை வந்தால் மராத்திக்குப் போகும். கதை முடிந்ததும் அம்மாவின் சுண்டல்.

ரோஹிணிக்கு அந்த மருந்து மட்டும் இறங்கவே இல்லை. கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. தொழில் செய்யத் தெரிந்தவன் கையில் விட்டால்தான் எதுவும் உருப்படும் என்பது அவளுடைய வேதம். சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். பாதி அம்மாவின் சமையலுக்கு, பாதி அப்பாவோடு சண்டை போடுவதற்கு. நேற்று இரவு சாப்பாட்டின்போதுகூட விடவில்லை.

"இருபது வருஷமா சொல்றேளே, ஒருத்தராவது மாறியிருக்காளாப்பா? மகாதேவன் மாமா ஷேர் வாங்கறதை விட்டாரா? சுஷ்மா தாயி சுண்டலுக்கு வரா. உங்க காப்ஸ்யூல்ல மருந்தே இல்லை, வெறும் சக்கரை."

"நாளைக்குப் பாரேன்."

"என்ன பெரிய நாளைக்கு? உங்க கதையில பவுன் மில்லை விக்க மாட்டா. அவ்வளவுதானே?"

"யாருக்குத் தெரியும்?" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

இப்போது அந்த முகத்தைப் பார்க்கையில், யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவர் சொன்னதை எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. அது தப்பான மருந்தாகவே இருக்கட்டும். ஒரு மனுஷன் இருபது வருஷம் கொடுத்தது வீணாகப் போகலாமா?

அண்ணன் சந்துரு பெங்களூரிலிருந்து விமானம் ஏறிவிட்டான். அவன் வந்துதான் எடுக்கவேண்டும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் எதிர் வீட்டு மராத்தி அக்கா சுஷ்மா தாயி பெரிய தூக்கில் இஞ்சி டீ கொண்டுவந்தாள். வந்தவர்கள் மாலை போட்டுவிட்டுப் போகாமல் உட்கார்ந்தார்கள். வழக்கமாகக் கதை கேட்கும் அதே இடங்களில், சுவரோரம் பெண்கள், ஜன்னலோரம் மகாதேவன், வாசல்படியில் சேவியர். ஜம்புநாதன் மட்டும் நாற்காலியில் இல்லாமல் நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

மகாதேவன் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார்.

"மன்னி, இதைக் கேக்கற நேரமில்லைதான்."

விசாலம் நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பவுன் சாவியைக் குடுத்துட்டாளா, இல்லையா? உங்ககிட்ட எதாவது சொன்னாரா?"

எல்லாருக்கும் அதேதான் வேண்டியிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. ஏழெட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்த கதை. ஒரு தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மாவு மில் போடுகிறார்கள். புருஷனை இழந்த பவுன் அதை நடத்துகிறாள். பெரிய பணக்காரர் ஒருவர் இரட்டை விலை சொல்லிக் கேட்கிறார். போன வாரம் பவுன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எதிரே நின்றதோடு ஜம்புநாதன் எழுந்து சுண்டலுக்குப் போய்விட்டார்.

விசாலத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "எனக்கெங்கே சொன்னார்? அடுப்படியில கேட்டா, ஞாயித்துக்கிழமை கூடத்துல வந்து கேளுன்னுட்டார்."

"அப்ப அந்தப் பொண்ணு அப்படியே சாவியோட நிக்க வேண்டியதுதானா?" என்றார் சேவியர். "பாவம்லா!"

"நான் முடிக்கறேன்," என்றாள் ரோஹிணி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. எல்லாரும் திரும்பினார்கள். கேட்க ஆள் இருந்தது, மறுத்துப் பேச அப்பா இல்லை. இப்படி ஒரு சந்தர்ப்பம் அவளுக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை.

"பவுன் நன்னா யோசிச்சா. பழைய மிஷின், மாசத்துக்கு ரெண்டு தடவை ரிப்பேர். அவர் புதுசு போடுவார், நாலு பேருக்கு வேலை குடுப்பார். வர பணத்தைத் தெருவுல எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துடலாம். அதனால சாவியை அவர் கையிலே..."

"நாஹி," என்றாள் சுஷ்மா தாயி.

டீத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு வந்த தமிழ் அவளுடையது. "பவுன் எப்படிக் குடுக்கும்? மில் அதோட இல்லை. சாவிதான் அதுகிட்ட. மில் எல்லாரோட."

"அவ நல்லதுக்குத்தானே தாயி செய்யறா?"

"நல்லதுதான். ஆனா கேக்கணும். ஒவ்வொரு வீட்டுலயும் கேக்கணும்."

"அது வாஸ்தவம்," என்றார் மகாதேவன். "நான் விக்கற கட்சிதான். நல்ல விலை, விட்டா வராது. அதுக்காக அவ பாட்டுக்கு நீட்டிட முடியுமோ? தெருவைக் கூட்ட வேண்டாமோ?"

"கூட்டுனா விக்க விட்ருவோமா?" சேவியர் எகிறினார். "அண்ணாச்சி அந்தப் பெட்டியை விட்டு எந்திரிச்சு வந்துருவாரு!"

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். விற்கலாம் என்று நாலு பேர், கூடவே கூடாது என்று நாலு பேர். மிஷினை மட்டும் மாற்றலாம் என்று கீழ் வீட்டு சாவித்ரி மாமி. ரோஹிணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் சண்டை. ஆனால் பவுன் ஒருத்தியாக முடிவு செய்யக் கூடாது என்பதில் மட்டும் அங்கே ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. ஷேர் வாங்கும் மகாதேவன் மாமாவுக்கும் இல்லை, சுண்டலுக்கு வந்த சுஷ்மா தாயிக்கும் இல்லை. எப்போது முழுங்கினார்கள் இதை? துக்கத்தின் நடுவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவை உலுக்கி எழுப்பிக் காட்டவேண்டும் போலிருந்தது.

"கத்தாதீங்கோ!" மகாதேவன் பேங்க் மேனேஜராக இருந்த காலத்துக் குரலை எடுத்தார். "நாமதான் அந்தத் தெருன்னு வச்சுக்கோங்கோ. கேட்டுடலாம். விக்கலாம்கறவா கையைத் தூக்குங்கோ."

தன் கையை முதலில் தூக்கினார். சுவரோரம் சில கைகள் எழுந்தன. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்தும் ஒரு கை எழுந்தது. விசாலத்தின் கை.

"மதினி!" என்று அலறினார் சேவியர்.

"நானும் நாப்பது வருஷமா மாவு அரைச்சாச்சு. போதும்பா, யாராவது வாங்கிண்டு போகட்டும்," என்றாள் விசாலம். பெட்டிக்குள் பார்த்து, "முறைக்காதீங்கோ. இதுக்குத்தானே கூடத்துல வந்து கேளுன்னேள்?" என்றாள்.

சிரிப்பு வெடித்தது. மேல்மாடியிலிருந்து யாரோ இறங்கி வந்து, இது ஜம்புநாதன் வீடுதானா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"சரி. விக்க வேண்டாம்கறவா?"

சேவியர் இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு கைதான் செல்லும் என்று அதட்டு விழுந்தது. சுஷ்மா தாயியின் வளையல்கள் குலுங்கின. ரோஹிணி அசையாமல் நின்றாள். விற்பதுதான் சரி. இப்போதும் அவளுக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. யார் கேட்டாலும் காரணத்தோடு சொல்லுவாள். அப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், அவரும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார். கண்ணாடி வழியே அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவள் கை மேலே போயிருந்தது.

"நீயா?" என்றார் மகாதேவன்.

"எண்ணுங்கோ மாமா."

அவர் சுவரோரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். அந்த நேரத்தில் கீழே ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. படிகளில் வேகமாகக் காலடிகள். தோளில் பையோடு சந்துரு கதவருகே வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. அப்பாவைப் பார்த்தான், அவரைச் சுற்றி உயர்ந்து நின்ற கைகளைப் பார்த்தான்.

"என்னடி இது?" என்றான் மெதுவாக.

ஒன்றிரண்டு கைகள் கூச்சத்தோடு தாழ்ந்தன.

"இறக்காதீங்கோ, இறக்காதீங்கோ," என்றார் மகாதேவன். "இன்னும் எண்ணி முடியலை."

ரோஹிணி வலது கையை இறக்காமல், இடது கையை நீட்டி அண்ணனின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.