உறுத்தாத டவுசர்

1

இந்தக் கதை ஒரு டவுசரிலிருந்து பிறந்தது. சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்துக்கொள்ளலாம்.

சைக்கிள் கடையில் ட்யூபுக்கு ஒட்டுப்போடக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்றவர் கடைக்காரரிடம், "அடியில மெத்தை வச்ச டவுசர் இருக்குல்ல, அது எத்தனை நாளைக்குங்க சுகமா இருக்கும்?" என்று கேட்டார். கடைக்காரர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அது உக்கார்ற ஆளப் பொறுத்தது" என்றார். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என்னால்தான் போக முடியவில்லை. விரல் பருமன் ஸ்பாஞ்சு ஒன்று, ஓர் ஆளின் மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் கடக்கிறது. அதற்கும் ஓர் ஆயுள் உண்டு. அந்த ஆயுளை அளக்கும் கருவி மனித உடம்பு. நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

(தலைச்சுமைக்காரர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். தலைக்கும் மூட்டைக்கும் நடுவே சும்மாடு இல்லாவிட்டால் கனம் இரட்டிப்பு. அதை யாரும் எனக்குப் புத்தகத்தில் சொல்லித்தரவில்லை.)

2

தொடக்கம் ஒன்று: வலி என்றால் என்னவென்றே அறியாத அந்த இரும்புப் பெண்மணி

இல்லை. மேடைப் பேச்சு வாடை அடிக்கிறது.

தொடக்கம் இரண்டு: விடியாத தெருவில் ஒற்றை சைக்கிள்

விடியலில் தொடங்கும் கதைகள் நாட்டில் போதுமான அளவு இருக்கின்றன.

தொடக்கம் மூன்று, இது நிற்கும்: பார்சல் கிடங்கில் அவளை 'இரும்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி பூட்டிய சைக்கிளில் நாள் முழுக்கத் தெருத்தெருவாகப் பார்சல் போடுகிறவள். அவள் புருஷனின் தங்கை, அதாவது நாத்தனார், மெத்தை வைத்த சைக்கிள் டவுசர் தைக்கும் பட்டறையில் தையல்காரி. இருவரும் ஒரே வீடு. பட்டறையை நடத்துகிறவர் மாஸ்டர். வெட்டுவதும் அவரே, விற்பதும் அவரே.

மாஸ்டர் புதிதாக ஒரு டவுசர் வடிவமைத்திருந்தார். அதைப் போட்டு விற்கும் பாக்கெட்டின்மேல் அது எத்தனை காலம் சுகமாக இருக்கும் என்று அச்சடிக்க வேண்டும். அதற்காக, பிழைப்புக்கு சைக்கிள் மிதிக்கிற சிலருக்கு, இரும்பு உட்பட, ஆளுக்கொன்று கொடுத்தார். தினமும் போட வேண்டும், தினமும் அலச வேண்டும். உறுத்த ஆரம்பித்ததும் பட்டறைக்கு வந்து 'உறுத்துது' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் வேலை.

மழைக்காலம் முடிவதற்குள் பால்காரர் வந்து சொன்னார். கொஞ்சம் தள்ளித் தபால்காரர், நடக்கிற தோரணையிலேயே சொன்னார். இரும்பு மட்டும் வரவில்லை.

3

"அண்ணி, உறுத்துதா?"

"எது?"

"அடியிலதான். வேற எதைக் கேப்பேன்?"

"பூ மாதிரி இருக்குடி. போய் உங்க மாஸ்டர்கிட்ட சொல்லு, செத்தா இதையே போட்டுத் தூக்கச் சொல்லிருக்கேன்னு."

"வாயக் கழுவுங்க அண்ணி."

மழை போய் வெயில் வந்தது. வெயில் போய் அடுத்த மழையின் முதல் தூறல் விழுந்தது. டவுசரின் துணி மினுமினுப்புக் குறையாமல் இருந்தது. மாஸ்டர் பட்டறையில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: "பாத்தீங்களா, சரக்கு அப்படி! மத்தவங்க சொன்னத விடுங்க, ஒரு வருஷம்னு அடிச்சிட வேண்டியதுதான்."

நாத்தனாருக்கு மட்டும் அதில் நம்பிக்கையில்லை. அண்ணி சைக்கிளை விட்டு இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு தொடையில் பட்பட்டென்று அடித்துக்கொள்வதை அவள் பார்த்திருந்தாள். கேட்டால், "எறும்பு ஊருது, வேற ஒண்ணுமில்ல" என்பாள் அண்ணி. நாத்தனார் சுகாதார நிலையத்து நர்ஸிடம் சாடையாக விசாரித்தாள். "மரத்துப்போறத அப்படியே விட்டா ஒருநாள் உணர்ச்சி திரும்பவே திரும்பாது. அப்புறம் சைக்கிளே கூடாது" என்றாள் நர்ஸ்.

சைக்கிள் இல்லாவிட்டால் இரும்புக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

4

[கதையை இங்கே நிறுத்துகிறேன். வாசகருக்குச் சில தகவல்கள். இந்த டவுசரில் துணி கடைசியில்தான் சாகும். ஸ்பாஞ்சுதான் முதலில் போகும். அதுவும் சத்தமில்லாமல். நாள் முழுக்க மிதிக்கிறவருக்குச் சில மாதம், ஞாயிற்றுக்கிழமைக்காரருக்குச் சில வருஷம். இரண்டு டவுசரை மாற்றி மாற்றிப் போட்டால் ஸ்பாஞ்சு மூச்சுவிட்டு எழும்பும். முறுக்கிப் பிழியக் கூடாது. உள்ளே ஜட்டி கூடாது. வெளியில் பார்த்து எதையும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கிற உடம்புதான் சொல்ல வேண்டும்.]

அந்த உடம்பு சொல்லவில்லையே! இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கே வந்தும் தெரியாமல் இருக்குமா? முதல் பிரதியில் அவளைப் பொறுமையின் சிகரமாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். மாஸ்டர் பேசுவதுபோலவே இருந்தது. மாஸ்டருக்கு அவள் பொறுமை விளம்பரம், எனக்கு அலங்காரம். பத்தியைக் கிழித்தேன்.

அவள் பொறுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இதற்கு முன்பு வெறும் தோல் சீட்டில், புடவைக் கொசுவத்தை மடித்துப்போட்டு மிதித்தவள். அவள் உடம்புக்குச் சுகம் என்பது புதிய செய்தி. அது எப்போது போனது என்று எப்படித் தெரியும்?

5

நர்ஸிடம் விசாரித்த அந்த வாரமே நாத்தனார் கொடியிலிருந்த டவுசரை எடுத்து மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். மறுபக்கம் ஆள்காட்டி விரல் தட்டுப்பட்டது. நடுவில் ஒன்றுமில்லை. அவளே தைத்த மெத்தை. அது செத்து எத்தனை காலமாகியிருக்கும்? இந்த ஒன்றுமில்லாததன்மேல் உட்கார்ந்தா அண்ணி ஊரையே சுற்றிவந்தாள்!

மறுநாள் பட்டறையிலிருந்து புதியது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒரே ஒரு நாள், எனக்காக."

சாயங்காலம் இரும்பு வாசற்படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள்.

"இத எடுத்துட்டுப் போயி உங்க மாஸ்டர் மூஞ்சியில எறி. உயிரு போகுதுடி."

"எங்க வலிக்குது?"

"எங்கயா? எங்க இல்லன்னு கேளு. பழசு எவ்வளவு நல்லா இருந்துச்சு!"

"நேத்து எறும்பு ஊருச்சா?"

"அது தினமும்தானே."

"இன்னிக்கு?"

இரும்பு தொடையைத் தொட்டாள். யோசித்தாள். "இன்னிக்கு ஊரல."

"பழசுல மெத்தையே இல்ல அண்ணி. மரத்துப்போயிருந்ததால உங்களுக்குத் தெரியல. இன்னிக்கு உடம்பு முழிச்சுக்கிச்சு. இது புதுசோட வலி இல்ல, பழசோட வலி."

இரும்பு சுவரில் சாய்ந்து நின்றபடி இடுப்பிலிருந்து முழங்கால்வரை இரண்டு உள்ளங்கைகளாலும் மெல்லத் தடவிக்கொண்டே போனாள். சொந்த வீட்டில் இத்தனை வருஷம் திறக்காத அறை ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்தவள்போல இருந்தது அவள் முகம்.

"இவ்வளவும் எனக்குள்ளயாடி இருந்துச்சு?"

நாத்தனாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எனக்கு எழுதுவது நின்றுபோனது. இந்த வாக்கியத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

6

இனி முடிவு. மறுநாள் பட்டறை வாசல். மாஸ்டர் கையில் மாதிரிப் பாக்கெட். காலம் அச்சடிக்க வேண்டிய இடம் மட்டும் காலி. "வா இரும்பு! உறுத்துச்சா, இல்ல ஒரு வருஷம்னே போட்டுடவா?"

முடிவு அ: "இல்ல மாஸ்டர்" என்கிறாள். இரும்பு என்ற பேர் நிற்கிறது. பாக்கெட் அச்சாகிறது. வாங்குகிறவர்கள் தொடை புண்ணாகித் தங்களைத் தாங்களே நொந்துகொள்கிறார்கள். அவள் பழையதையே போட்டுக்கொண்டு, ஒருநாள், ஒன்றுமே தெரியாத

முடிவு ஆ: "உறுத்துது" என்கிறாள். பாக்கெட் நிஜம் பேசுகிறது. கிடங்கில், "இரும்பு துருப்பிடிச்சிருச்சுடோய்!" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும் என்று அவள் புதியதைப் போட்டுக்கொண்டு, வலி தணியத் தணிய

இரண்டையும் முழுசாக எழுதிப் பார்த்துவிட்டுப் பாதியில் வெட்டினேன். இரண்டாவதைத்தான் நீங்கள் விரும்புவீர்கள். நானும்தான். அதனால்தான் கைவைக்கப் பயமாக இருக்கிறது. அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இதுவரை எல்லோரும் சொல்லியாயிற்று. கிடங்கு பேர் வைத்தது. மாஸ்டர் வருஷம் போட்டார். நர்ஸ் எச்சரித்தாள். நாத்தனார் விளக்கினாள். நான் மலைத்து மலைத்துப் பக்கம் நிரப்பினேன்.

நாத்தனார் உள்ளே தையல் எந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். மற்ற எந்திரங்களும் ஒவ்வொன்றாக நிற்கின்றன. மாஸ்டர் பேனா மூடியைக் கழற்றுகிறார். இரும்பு இரண்டு கால்களிலும் பாரத்தை மாற்றி மாற்றி வைத்து, எங்கெங்கே வலிக்கிறது என்று நிதானமாகப் பார்க்கிறாள். அவசரமே இல்லை அவளுக்கு.

வாயைத் திறக்கிறாள்.

நீங்களும் நானும் கொஞ்சம் சும்மா இருப்போம்.